சுக்கிரன் ஏன் கொதிக்கிறது? கரியமில வாயுவுக்குக் கணக்குப் போட்ட அர்ஹீனியஸின் கதை

இரவு டூட்டி பார்ப்பவர்களுக்கு விடிவெள்ளி பழக்கமான முகம். கடைசி வேகனின் நம்பரை நோட்டில் ஏற்றிவிட்டு யார்டை விட்டு வெளியே வந்தால், கிழக்கே மாடிக் கட்டடங்களுக்கு மேலே அது தனியாக நின்று பிரகாசிக்கும் மாதங்கள் உண்டு. ஊரில் நம் பாட்டிமார் அதைப் பார்த்துத்தான் எழுந்து வாசல் தெளிப்பார்கள். ஜாதகக் கட்டத்தில் அதற்குச் சுக்கிரன் என்று பெயர். சுகத்துக்கும் கல்யாணத்துக்கும் அதிபதி. நிஜமான சுக்கிரனிலோ சுகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதன் தரையில் உஷ்ணம் ஏறக்குறைய 460 டிகிரி சென்டிகிரேட். ரயில் பெட்டிகளுக்கு அடியில் பேட்டரிப் பெட்டி தொங்குகிறதல்லவா, அதில் இருக்கும் ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும். சுக்கிரனில் கொண்டு போய் வைத்தால் ஈயம் தண்ணீராய் ஓடும்.

சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால் இந்தச் சூடு என்று நினைக்கலாம். ஆனால் சூரியனுக்கு மிக அருகில் இருப்பது புதன். சுக்கிரன் இரண்டாவது வீட்டுக்காரர்தான். அப்படியிருந்தும் புதனைவிடச் சுக்கிரனே அதிகம் கொதிக்கிறது. காரணம் அதைச் சூழ்ந்திருக்கும் கரியமில வாயு. அந்த வாயு ஒரு கிரகத்தை எவ்வளவு சூடாக்கும் என்று உலகத்திலேயே முதன்முதலாகக் கையால் கணக்குப் போட்டுச் சொன்னவர் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி ஸ்வாந்தே அர்ஹீனியஸ். வேடிக்கை என்னவென்றால், அதே மனிதர் சுக்கிரனைப் பற்றி எழுதியபோது முற்றிலும் தவறான முடிவுக்கு வந்தார். சாவி கையில் இருந்தும் பூட்டு திறக்காமல் போன கதை இது.

அவர் பிறந்தது 1859-ம் ஆண்டு பிப்ரவரி 19-ம் தேதி, உப்சாலா நகருக்குப் பக்கத்தில் விக் என்ற எஸ்டேட்டில். தகப்பனார் நில அளவைக்காரர். எஸ்டேட் நிர்வாகமும் பார்த்தவர். பையன் மூன்று வயதில் யாரும் சொல்லிக் கொடுக்காமலே படிக்கக் கற்றுக் கொண்டான். அப்பா கணக்குப் புத்தகத்தில் கூட்டல் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே கணக்கும் வந்துவிட்டது. லெட்ஜர் எழுதிப் பிழைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்த ஒரு விஷயத்துக்காகவே அவர்மேல் ஒரு பாசம் வரும்.

அவர் பிறந்த அதே 1859-ம் ஆண்டில்தான் லண்டனில் ஜான் டிண்டால் என்பவர் ஒரு பித்தளைக் குழாய்க்குள் பலவகை வாயுக்களை அடைத்து, எது உஷ்ணக் கதிரைத் தடுக்கிறது என்று பரிசோதனை செய்து கொண்டிருந்தார். பிராணவாயுவும் நைட்ரஜனும் உஷ்ணத்தைத் தடையின்றி விட்டுவிடுகின்றன, நீராவியும் கரியமில வாயுவும் பிடித்து வைத்துக் கொள்கின்றன என்று அவர் கண்டார். இந்த முடிவுதான் முப்பத்தைந்து வருடம் கழித்து அர்ஹீனியஸுக்கு மூலதனமாயிற்று.

அதற்குள் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. உப்சாலா பல்கலைக் கழகத்தில் படித்தவர், அங்கே பௌதிகம் சொல்லிக் கொடுத்த விதம் பிடிக்காமல் 1881-ல் ஸ்டாக்ஹோமுக்குப் போய் எட்லண்ட் என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தார். உப்புக் கரைந்த தண்ணீரில் மின்சாரம் எப்படிப் பாய்கிறது என்பது விஷயம். உப்பு தண்ணீரில் கரைந்த மாத்திரத்திலேயே மின்னேற்றம் கொண்ட துணுக்குகளாகப் பிரிந்து விடுகிறது என்பதுதான் அந்த ஆராய்ச்சியில் முளைவிட்டுப் பின்னால் முழு வடிவம் பெற்ற கருத்து. இன்று பத்தாம் வகுப்புப் பையன் அயனி என்று சாதாரணமாகச் சொல்கிறான். 1884-ல் அதைக் கேட்டு உப்சாலாப் பேராசிரியர்கள் முகம் சுளித்தார்கள். நூற்றைம்பது பக்க ஆராய்ச்சிக் கட்டுரைக்கு அவர்கள் கொடுத்தது நான்காம் தர மதிப்பெண். கட்டுரையை எடுத்து வாதாடியதற்கு மூன்றாம் தரம். பட்டம் கிடைத்தது, ஆனால் அந்த மதிப்பெண்ணை வைத்துக் கொண்டு கல்லூரியில் பாடம் சொல்லும் வேலைக்குப் போக முடியாது.

அவர் சும்மா இருக்கவில்லை. கட்டுரையின் பிரதிகளை வெளிநாட்டு நிபுணர்களுக்குத் தபாலில் அனுப்பினார். ரீகா நகரத்தில் இருந்த வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டுக்கும் ஒன்று போயிற்று. ஒரே நாளில் தமக்கு ஒரு பெண் குழந்தையும், ஒரு பல்வலியும், இந்தக் கட்டுரையும் வந்து சேர்ந்தன என்று ஆஸ்ட்வால்டு பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார். மூன்றில் கட்டுரைதான் அவரை அதிகம் தூங்கவிடாமல் செய்தது போலும். அதே ஆண்டு ஆகஸ்டில் புறப்பட்டு நேரே உப்சாலாவுக்கு வந்து அந்த இளைஞரைச் சந்தித்தார், தம்மிடம் வேலைக்கு வரும்படி அழைத்தார். தகப்பனார் நோயில் படுத்திருந்ததால் அர்ஹீனியஸ் போகவில்லை. ஆனால் வெளியூர்ப் பெரியவர் தேடி வந்ததைப் பார்த்த பிறகு உள்ளூர்க்காரர்களுக்கும் மனம் இளகியது. உப்சாலாவிலேயே ஒரு பதவி கொடுத்தார்கள். நம் நாட்டில் மட்டுந்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம்.

நான்காம் தரம் வாங்கிய அதே கருத்துக்காக 1903-ல் அவருக்கு ரசாயன நோபல் பரிசு கிடைத்தது. ஸ்வீடன் நாட்டவர் ஒருவர் நோபல் பரிசு பெற்றது அதுதான் முதல் தடவை.

இதற்கு நடுவில்தான் கரியமில வாயுக் கணக்கு வருகிறது. 1890-களில் ஸ்டாக்ஹோமில் அறிஞர்கள் கூடிப் பேசிய பெரிய விவகாரம் பனி யுகம். ஐரோப்பாவின் வடபாதி ஒரு காலத்தில் பனிக்கட்டிக்கு அடியில் கிடந்திருக்கிறது. அந்தப் பனி எப்படி வந்தது, எப்படிப் போனது? காற்றில் கரியமில வாயு குறைந்தால் குளிரும், கூடினால் சூடாகும் என்பதாக இருக்குமோ என்று அர்ஹீனியஸ் யோசித்தார். யோசனை சொல்ல நாலு பேர் இருப்பார்கள். எத்தனை பங்குக்கு எத்தனை டிகிரி என்று கணக்குப் போட யாரும் இல்லை.

1894-ம் ஆண்டு டிசம்பர் 24-ம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இரவு, அவர் அந்தக் கணக்கில் உட்கார்ந்தார். ஸ்டாக்ஹோமில் அந்த மாதத்தில் பகல் ஆறு மணி நேரந்தான். கால்குலேட்டர் இல்லாத காலம். பென்சில், காகிதம், மடக்கை அட்டவணை. அமெரிக்காவில் லாங்லி என்ற வானியலார் முழு நிலவிலிருந்து வரும் உஷ்ணக் கதிர்களை அளந்து வெளியிட்ட பட்டியல் ஒன்று இருந்தது. நிலவு உச்சியில் இருக்கும்போது அதன் கதிர் குறைந்த காற்றைக் கடந்து வருகிறது. அடிவானத்தில் இருக்கும்போது அதிகக் காற்றைக் கடக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து, வழியில் கரியமில வாயுவும் நீராவியும் எவ்வளவு விழுங்கின என்று பிரித்தெடுத்தார். பிறகு பூமியை வடக்கே 70 டிகிரியிலிருந்து தெற்கே 60 டிகிரி வரை பத்துப் பத்து டிகிரியாக நறுக்கி, ஒவ்வொரு பட்டைக்கும் நான்கு பருவத்துக்கும் தனித்தனியே, வாயு குறைந்தால் என்ன, ஒன்றரை மடங்கானால் என்ன, இரண்டானால் என்ன, மூன்றானால் என்ன என்று கட்டம் கட்டமாக நிரப்பினார். பல்லாயிரம் பெருக்கலும் வகுத்தலும் ஆயிற்று. ஒரு வருஷம் ஓடிவிட்டது.

மாதக் கடைசியில் நூறு பக்கம் டாலி ஆகாமல் விழித்திருக்கும் குமாஸ்தாவுக்கு அந்த வருஷம் எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. வீட்டிலும் நிம்மதி இல்லை. 1894-ல்தான் தம் மாணவி சோபியா ருட்பெக்கை அவர் மணந்திருந்தார். கணக்கு முடிந்து அச்சேறிய சமயத்தில் அந்த மணவாழ்வும் முறிந்து, மனைவி கைக்குழந்தையோடு பிரிந்து விட்டார்.

1896 ஏப்ரலில் ஆங்கிலப் பத்திரிகையில் முடிவு வெளிவந்தது. கரியமில வாயு இரு மடங்கானால் பூமியின் சராசரி உஷ்ணம் 5 முதல் 6 டிகிரி ஏறும் என்றார். இன்று பெரிய கம்ப்யூட்டர்களை வைத்துப் போடும் கணக்கு சுமார் 3 டிகிரி என்கிறது. பென்சிலால் போட்டவருக்கு இது பெரிய பிசகு அல்ல. நிலக்கரி எரிவதால் இந்த வாயு சேர்ந்து கொண்டே போகும் என்பதையும் அவர் கண்டார். ஆனால் இரு மடங்காக மூவாயிரம் வருஷம் ஆகும் என்று நினைத்தார். ஆனாலும் நல்லதுதான், குளிர் நாடுகளில் பயிர் செழிக்கும் என்று பின்னால் ஒரு புத்தகத்தில் எழுதினார். ஸ்டாக்ஹோமில் நடுங்குகிறவருக்கு அப்படித்தான் தோன்றும். மே மாதத்தில் நாக்பூர் பிளாட்பாரத்தில் நிற்பவரிடம் கேட்டிருக்க வேண்டும். 1958-ல் ஹவாய்த் தீவின் மலை மேல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்த வாயு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

கணக்கு வெளிவந்து நாலே வருஷத்தில் அதன் மேல் இடி விழுந்தது. 1900-ல் உப்சாலாவிலேயே நுட் ஆங்ஸ்ட்ரோம் என்ற பௌதிகர் ஒரு குழாயில் கரியமில வாயுவை அடைத்து உஷ்ணக் கதிரை விட்டுப் பார்த்தார். வாயுவைக் கூட்டினாலும் குறைத்தாலும் பெரிய மாறுதல் இல்லை. இருக்கிற வாயுவே பிடிக்க வேண்டியதையெல்லாம் பிடித்துவிட்டது, இனிமேல் எவ்வளவு சேர்த்தாலும் ஒன்றும் ஆகாது என்று பலரும் முடிவு கட்டினார்கள். அர்ஹீனியஸ் பதில் எழுதினார், கேட்பார் இல்லை. ஏறக்குறைய ஐம்பது வருஷம் அவருடைய கணக்கு பரணில் கிடந்தது.

ஆங்ஸ்ட்ரோமின் வாதத்தில் ஓட்டை எங்கே என்பதைச் சுக்கிரனே காட்டுகிறது. காற்று என்பது ஒரே ஒரு போர்வை அல்ல. ஒன்றின் மேல் ஒன்றாக விரித்த பல போர்வைகள். அடியில் உள்ள போர்வை தரையின் உஷ்ணத்தை வாங்கி, மேலேயும் கீழேயும் விடுகிறது. மேல் போர்வை அதை வாங்கி அதே மாதிரி செய்கிறது. கடைசிப் போர்வைதான் ஆகாயத்துக்கு உஷ்ணத்தை விடுகிறது. வாயு கூடக் கூட அந்தக் கடைசிப் போர்வை இன்னும் உயரத்துக்குப் போகிறது. உயரத்தில் குளிர் அதிகம். குளிர்ந்த போர்வையிலிருந்து வெளியேறும் உஷ்ணம் குறைவு. உள்ளே வருவது வந்து கொண்டே இருக்க, வெளியே போவது குறைந்தால், போக்கும் வரவும் சமமாகும் வரை அடித்தளம் சூடேறியே தீர வேண்டும். சேர்த்துக் கொண்டே போனால் இதற்கு முடிவில்லை. பாடப் புத்தகத்தில் பசுமை இல்ல விளைவு என்கிறார்கள்.

இனி அவருடைய பிசகுக்கு வருவோம். நோபல் பரிசு பெற்ற பிறகு அவருக்குத் தனி ஆராய்ச்சி நிலையமே அமைத்துக் கொடுத்தார்கள். மறுமணமும் ஆயிற்று. பெரிய மனிதராகிவிட்டார், பெரிய மனிதர்களின் குறைகளும் சேர்ந்து கொண்டன. 1906-ல் ரஷ்ய மேதை மெண்டலீவுக்கு நோபல் பரிசு போகாமல் தடுத்ததில் அவர் கை இருந்தது என்று பரிசு வரலாற்றை ஆராய்ந்தவர்கள் எழுதுகிறார்கள். மெண்டலீவ் இவருடைய அயனிக் கொள்கையை ஏற்காதவர். இதையும் சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

அந்த நாட்களில் அவர் பொதுமக்களுக்காக வானத்தைப் பற்றிப் புத்தகங்கள் எழுதினார். 1915-ல் ஸ்வீடிஷிலும் 1918-ல் ஆங்கிலத்திலும் வந்த ஒன்றில் சுக்கிரனைப் பற்றி விரிவான வர்ணனை இருக்கிறது. சுக்கிரன் முழுவதும் வெண்மேகம் மூடியிருக்கிறது. மேகம் என்றால் நீராவிதானே? அப்படியானால் கீழே ஓயாத ஈரம். சராசரி உஷ்ணம் 47 டிகிரி. எங்கு பார்த்தாலும் சதுப்பு நிலம், அதில் மடமடவென்று வளர்ந்து மடமடவென்று அழுகும் செடி கொடிகள். நம் பூமியில் நிலக்கரி உண்டான காலத்தைப் போன்ற காட்டை அவர் மனக்கண்ணால் கண்டார். கதை எழுதுகிறவர்கள் அந்தச் சதுப்பு நிலத்தைப் பிடித்துக் கொண்டு நாற்பது வருஷம் விடவில்லை.

கூட்டலில் தப்பில்லை, முதல் பக்கத்துப் பற்றே தப்பு. மேகம் தண்ணீர் என்று யாரும் அவருக்கு நிரூபித்துக் கொடுக்கவில்லை. அங்குள்ள காற்றில் என்ன இருக்கிறது என்று அப்போது யாருக்குமே தெரியாது. தெரியாது என்று ஒரு வரி எழுதி நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை.

1927-ம் ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி ஸ்டாக்ஹோமில் காலமானார். ஐந்தே வருஷம். 1932-ல் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் தொலைநோக்கியில் ஆடம்ஸ், டன்ஹாம் என்ற இருவர் சுக்கிரனின் ஒளியைப் பிரித்துப் பார்த்து அங்கே கரியமில வாயு ஏராளமாக இருப்பதைக் கண்டார்கள். 1940-ல் ரூபர்ட் வில்ட் என்ற வானியலார், அவ்வளவு வாயு இருந்தால் தரையின் சூடு தண்ணீர் கொதிக்கும் அளவையும் தாண்டும் என்று கணக்கிட்டார். அர்ஹீனியஸ் போட்டிருக்க வேண்டிய கணக்கு அது. 1956-ல் ரேடியோத் தொலைநோக்கியில் பார்த்தபோது சுக்கிரனிலிருந்து 300 டிகிரிக்குரிய அலைகள் வந்தன. பலர் நம்பவில்லை. கார்ல் சாகன் என்ற இளைஞர் மட்டும் 1960-ல் அது தரையின் சூடுதான், பசுமை இல்ல விளைவுதான் என்று வாதாடினார். 1962 டிசம்பரில் அமெரிக்காவின் மாரினர்-2 அருகே பறந்து அதை உறுதி செய்தது. 1970 டிசம்பர் 15-ம் தேதி சோவியத்தின் வெனரா-7 தரையில் இறங்கி, மெலிந்த குரலில் 23 நிமிஷம் செய்தி அனுப்பியது: 475 டிகிரி. 1982-ல் இறங்கிய வெனரா-13 இரண்டு மணி ஏழு நிமிஷம் தாக்குப் பிடித்தது.

இப்போது கணக்கு தெளிவாகிவிட்டது. சுக்கிரனின் காற்றில் நூற்றுக்கு 96 பங்குக்கு மேல் கரியமில வாயு. அந்தக் காற்றும் லேசானதல்ல. நம் காற்றைப்போல் தொண்ணூறு மடங்கு அழுத்தம், கடலில் சுமார் 900 மீட்டர் ஆழத்தில் நிற்பது போல. அழுத்தத்தால்தான் சூடு என்று சிலர் சொல்வதுண்டு. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடும், மறுநாள் காலையில் டியூபைத் தொட்டால் சுடுமா? அழுத்தம் மட்டும் காரணமானால் சுக்கிரன் எப்போதோ ஆறியிருக்கும். இன்னொரு விந்தை: அதன் மேகம் வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பி விடுகிறது. சூரியனிடமிருந்து சுக்கிரன் உள்ளே வாங்கிக் கொள்ளும் வெப்பம் நம் பூமி வாங்குவதைவிடக் குறைவு! வரவு குறைவு; ஆனால் செலவுக்கு வழியே இல்லை. காற்றுப் போர்வை இல்லாத புதனில் பகலில் 430 டிகிரி ஏறினாலும் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 180-க்கு இறங்கிவிடும். சுக்கிரனில் ஓர் இரவு நம் கணக்கில் 58 நாள். அத்தனை நாள் இருட்டிலும் அடுப்பு ஆறுவதில்லை.

பூமியிலும் ஏறக்குறைய அவ்வளவு கரியமில வாயு உண்டு. ஆனால் அது காற்றில் இல்லை. கடல் நீரில் கரைந்து, கிளிஞ்சலாகி, சுண்ணாம்புக் கல்லாகிப் பூமிக்குள் கிடக்கிறது. சுக்கிரனில் அப்படிப் பிடித்து வைக்கக் கடல் இல்லை. இருந்த தண்ணீர் ஆவியாய் மேலே போய், சூரியனின் புற ஊதாக் கதிரால் உடைந்து, அதிலிருந்த ஹைட்ரஜன் ஆகாயத்தில் கலந்து போயிற்று. எரிமலை கக்கிய வாயுவெல்லாம் காற்றிலேயே தங்கிவிட்டது. அர்ஹீனியஸ் தண்ணீர் என்று எண்ணிய அந்த வெண்மேகம் கந்தகத் திராவகம் என்பது 1970-களில் தெரிய வந்தது. நம் பேட்டரியில் ஊற்றுவதைவிடக் காரமானது. திராவகம் என்றால் என்ன என்று அயனிக் கொள்கையை வைத்து உலகத்துக்கு விளக்கிச் சொன்னவரே அவர்தான்.

அவர் பெயரைச் சந்திரனில் ஒரு பள்ளத்துக்கும் செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கும் வைத்திருக்கிறார்கள். சுக்கிரனில் மட்டும் இல்லை. அங்குள்ள மலைக்கும் பள்ளத்துக்கும் பெண்கள் பெயரைத்தான் வைப்பது என்று வானியலார் ஒரு விதி செய்து கொண்டு விட்டார்கள். முன்பே பெயர் விழுந்துவிட்ட மாக்ஸ்வெல் மலைதான் அதற்கு விலக்கு.